அரைக்கல்லுக்குக் கரண்டி போதுமா, உளி வேணுமா?

புதுவீடு:
சேம்பர் செங்கல்லில் நாலரை இன்ச் தடுப்புச்சுவர். கொத்தனார் கலவைக் கரண்டி ஓரத்தால் ரெண்டு தட்டு தட்டி, கல்லைப் பாதியா உடைச்சு அரைக்கல் எடுக்கிறார். சிலது நேரா வருது, சிலது மூணு துண்டாப் போகுது. அகல உளி வாங்கிக் கொடுக்கலாமா, கிரைண்டர் வைக்கச் சொல்லலாமா?

கரண்டிக்கை:
ரெண்டும் வேண்டாம். பூச்சு வரப்போற சுவர் சார். பத்துக்குப் பத்தடிச் சுவரில் சுமார் 35 வரி (கல் அடுக்கு). ஒண்ணு விட்டு ஒரு வரியில் முனைக்கு ஒண்ணா ரெண்டு அரைக்கல், ஆக மொத்தம் 35 சொச்சம். 18 கல் உடைச்சா முடிஞ்சது. ஒவ்வொண்ணிலும் ஒரு பாதி நொறுங்கினாலும் இன்னொரு 18 கல்தான் நஷ்டம். கோடு போட்டு உளி பிடிச்சா கூலிதான் ஏறும்.

தூக்குக்குண்டு:
கணக்கு சரிதான். ஆனா நொறுங்கின கல்லை யாரும் தூக்கிப் போடுறதில்லையே! 4¼ இன்ச் வேண்டிய இடத்தில் 3 இன்ச் துண்டை வெச்சு, மிச்சத்துக்குக் கலவையை அப்புவாங்க. அந்தத் தடித்த கலவை காயும்போது சுருங்கும். தூண் ஓரமா பூச்சில் விரிசல் விழ இதுவும் ஒரு காரணம்.

நாலு இன்ச் அகல உளி, ரெண்டு பவுண்டு சுத்தியல் போதும். மூலைமட்டம் வெச்சு நாலு முகத்திலும் கோடு போடணும். கல்லை மணல் மேல் வெச்சு, கோட்டோரமா லேசாத் தட்டிக்கிட்டே புரட்டணும். பேர் அச்சு போட்ட பள்ளம் இருக்கிற முகத்தில் விளிம்பை மட்டும் தட்டினாப் போதும். முதல் சுற்றில் 'டங் டங்'னு கேட்கும். அது 'தொம்'னு மாறினா உள்ளே பிளவு ஓடிடுச்சு. அப்புறம் பள்ளம் கீழே இருக்கிற மாதிரி மணலில் அழுத்தி உட்கார வெச்சு, உளியை நேர்குத்தாப் பிடிச்சு ஒரே அடி. பள்ளத்துக்கு அடியில் மணல் நிரம்பலைன்னா அடி விழும்போது தாங்க ஆளில்லை, கல் கோட்டை விட்டுட்டு இஷ்டத்துக்குப் போகும்.

சைட்டுசார்:
இவ்வளவுக்கு கிரைண்டரே மேல். நூல் பிடிச்ச மாதிரி வரும்.

தூக்குக்குண்டு:
4 இன்ச் தட்டு ஒண்ணேகால் இன்ச்தான் இறங்கும். 3 இன்ச் கல்லை ரெண்டு பக்கம் அறுத்தாலும் நடுவில் அரை இன்ச் நிற்கும், கடைசியில் தட்டித்தான் உடைக்கணும். அறுக்கும்போது கிளம்புற புகையில் சிலிக்கா தூசி இருக்கு. முகத்தில் துண்டு கட்டினா நிற்காது, நுரையீரலுக்குப் போகும்.

சைட்டுசார்:
கல்லை நனைச்சு அறுத்தா தூசி அடங்குமே?

கரண்டிக்கை:
ஈரக்கல், கையில் கரண்ட் மிஷின். நல்ல யோசனை சார்!
உளிக்காரருக்கும் ஒண்ணு. அதிகம் வெந்து கறுத்த கல்லை எந்த உளியிலும் நேரா வெட்ட முடியாது, கண்ணாடி மாதிரி சிதறும். வேகாத கல் கோடு போடும்போதே உதிரும். தட்டினா கணீர்னு கேட்கிற சிவப்புக் கல்லாப் பார்த்து ஒதுக்கி வெச்சா, கரண்டியிலேயே பத்துக்கு எட்டு தேறும்.

தூக்குக்குண்டு:
கல் பொறுக்கணும்னு சொன்னது சரி. பூசாத சுவர்னா மட்டும் கரண்டிக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அங்கே ஓரம் பிசிறினா கண்ணுக்குத் தெரியும். வெட்டின முகம் வெளியே தெரியவும் கூடாது, வெந்த தோல் போனதால் தண்ணி குடிக்கும்.

புதுவீடு:
சரி, இந்தச் சுவருக்கு கல் பொறுக்கச் சொல்றேன். உளி, பூசாம விடப்போற வெளித்திண்ணைக்கு. பழைய உளி ஒண்ணு கிடக்கு, தலை காளான் மாதிரி விரிஞ்சிருக்கு. ஆகுமா?

தூக்குக்குண்டு:
அந்த விளிம்பை ராவி எடுக்காம தொடாதீங்க, சில்லு தெறிக்கும். கண்ணாடியும் போட்டுக்கச் சொல்லுங்க.