புதுப்பிப்பு: செட்டிநாட்டு விடுதி ஆய்வில் கேள்வியே மாறிவிட்டது

காரைக்குடி பக்கம் பழைய நகரத்தார் வீட்டை விடுதியாக நடத்தும் ஒருவருக்காக நாங்கள் 4 மாணவர்கள் ஆய்வு செய்கிறோம், விருந்தினரின் திருப்தியை அளக்க 40 கேள்விப் படிவம் சரிவருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "அதை வைத்து அவர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று முதலில் கேளுங்கள்" என்றீர்கள். ரொம்ப நன்றி, அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

அவருக்குத் திருப்தி மதிப்பெண்ணே தேவையில்லை. விருந்தினர் ஏன் ஒரே இரவில் மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள் என்பதுதான் கவலை.

சரி என்று 11 கேள்விகளாகக் குறைத்து, 6 விருந்தினரிடம் சோதித்தோம். பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையாலேயே தரைக்கல் செய்வதை நேரில் பார்க்கலாம் என்பது 4 பேருக்குத் தெரியவில்லை. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த தரையே அந்தக் கல்தான்! அதனால் "வருவதற்கு முன் இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும்?" என்பதை முதல் கேள்வியாக வைத்துவிட்டோம்.

பதிவேட்டில் பெயர், தொலைபேசி எண்ணை நீக்கி, தங்கிய நாட்களை மட்டும் தர உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். அப்புறம், கார் ஓட்டுநர்களிடமும் பேசப் போகிறோம். எந்த ஊரில் எத்தனை மணி நேரம் என்பதைப் பல நேரம் அவர்கள்தான் சொல்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறோம்.