புதுப்பிப்பு: விளையாட்டின் நடுவே அணைந்துபோகும் கணினி

விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரைகூட வராமல் கணினி சட்டென்று அணைந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சூடுதான் காரணம் என்றீர்கள். ஆனால் விளையாட்டுக் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு 70 டிகிரியைத் தாண்டவே இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பிழைக் குறிப்பு மட்டும் இருந்தது. கணினி முறைப்படி அணையாமல் நின்றுபோனதை அது சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது.

ஒருவர் சொன்னபடி கார்டு இழுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பை 70 சதவீதமாகக் குறைத்தேன். அணையவே இல்லை! கார்டு சில மில்லிவிநாடிகளுக்குத் தன் வரம்பை மீறி மின்சாரத்தை இழுக்கும். கணினிக்குள் மின்சாரம் தரும் என் பழைய 550 வாட் பவர் சப்ளை அதற்கு மிரண்டு, பாதுகாப்புக்காகத் தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது 750 வாட். கார்டின் இரண்டு மின் இணைப்புகளுக்கும் தனித்தனி கேபிள். முழு வரம்பில் ஓடுகிறது.

தூசி தட்டச் சொன்னவர்களுக்கும் நன்றி, கணினி பளபளக்கிறது. பழைய பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டே இல்லாத தம்பியின் கணினிக்குப் போகிறது.