ஹீல் வைத்த பூட்ஸில் நடக்கப் பழக வேண்டும், ஆறு வாரம்தான் இருக்கிறது

புதுநடை:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை தட்டைச் செருப்பும் ஓடுவதற்கான ஷூவும் தவிர வேறு எதுவும் என் காலில் ஏறியதில்லை. இப்போது எங்கள் நாடகக் குழுவில் நல்ல வேடம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் பூட்ஸ் போட வேண்டும். பக்கவாட்டில் ஜிப், ஹீல் 8.5 செ.மீ., ஊசி மாதிரி இல்லை என்றாலும் மெல்லியதுதான். அதோடு மூன்று படி இறங்கி, மேடை முன்னால் வந்து நின்று நான்கு நிமிடம் பேச வேண்டும். வசனம் எனக்கு மனப்பாடம், பயமெல்லாம் அந்தப் படியில்தான்.

நேற்று வீட்டுக் கூடத்தில் இருபது நிமிடம் நடந்து பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தால் முழங்கால் இரண்டும் மடங்கியே இருக்கின்றன, இடுப்பு பின்னால் போய்விடுகிறது. பத்தாவது நிமிடத்திலேயே விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மெத்தை போன்ற இடம் எரிய ஆரம்பித்தது. இடது கணுக்கால் இரண்டு முறை வெளிப்பக்கமாக மடியப் பார்த்தது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். தினமும் எவ்வளவு நேரம் பழகலாம்? முதலில் சின்ன ஹீலில் ஆரம்பிக்க வேண்டுமா, நேராக இதிலேயே பழகலாமா? படி இறங்குவது எப்படி? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிய உதவி.

மேடைக்கால்:

பதினைந்து வருடமாக ஹீல் பூட்ஸ் போட்டு ஆடுகிறேன், எனக்கும் முதல் மாதம் இதே முழங்கால்தான். குதிகால் மேலே போனதும் உடல் முன்னால் சாய்கிறது, விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நமக்கே தெரியாமல் முழங்காலை மடக்கி இடுப்பைப் பின்னால் தள்ளிச் சரிக்கட்டுகிறோம். "முழங்காலை நீட்டு, நீட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நீளாது. உடல் எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் அதற்குத் தெரிய வேண்டும், அதனால் மூன்று நாளைக்கு நடக்கவே வேண்டாம், நின்றால் போதும். பூட்ஸைப் போட்டுக்கொண்டு பல் துலக்குங்கள், துணி மடியுங்கள், போனில் பேசுங்கள். நிற்கும்போது பாரத்தைக் கொஞ்சம் குதிகாலுக்கு அனுப்புங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் ஹீலை நம்பாமல் முழு எடையையும் முன்பாதத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள், உங்கள் எரிச்சலுக்கு அது ஒரு காரணம்.

அப்புறம் நடை. வழக்கமாக வைக்கும் அடியில் முக்கால் பங்கு வையுங்கள், அது போதும். பெரிய அடி வைத்தால் ஹீல் சாய்வாகத் தரையில் படும், அங்கேதான் சறுக்கும். முதலில் ஹீல், உடனே முன்பாதம், இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இடைவெளி இருக்கக்கூடாது. இதைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடியாது, காதால் கேளுங்கள். சரியாக விழுந்தால் "டக்-டப்" என்று இரண்டு சின்னச் சத்தம் ஒட்டி ஒட்டி வரும். "டொம்" என்று ஒரே சத்தம் வந்தால் பாதத்தை அப்படியே தரையில் போடுகிறீர்கள். "சர்ர்" என்று இழுத்தால் காலைத் தூக்கவில்லை, இடுப்பிலிருந்து வராமல் முழங்காலிலிருந்து நடக்கிறீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு மாணவிகள் நடப்பதைக் கேட்பேன், யாருக்கு எந்தக் கால் பயப்படுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, மாடல்கள் நடப்பதைப் பார்த்து ஒரே கோட்டில் காலை மாற்றி மாற்றி வைக்காதீர்கள். தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து அதன் இரு பக்கமும் பாதம் விழட்டும். கால்களுக்கு நடுவே நான்கு விரல் இடம் இருந்தாலே கணுக்கால் மடிவது பாதி குறையும். பார்வை எதிர்ச் சுவரில். கீழே குனிந்தால் தலையின் கனம் உங்களை இன்னும் முன்னால் தள்ளும்.

தோலும் நூலும்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் நடையைத் திருத்துவதற்கு முன்னால் பூட்ஸைப் பாருங்கள் என்பேன். காலணி பழுதுபார்ப்பது என் தொழில். "எனக்கு ஹீல் ஒத்துவரவே இல்லை" என்று கொண்டுவருகிறவர்களில் நிறையப் பேருக்கு அளவுதான் ஒத்துவரவில்லை.

பூட்ஸைப் போட்டு, ஜிப்பை ஏற்றி, பத்து அடி நடந்து நில்லுங்கள். இப்போது ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலை விட்டுப் பாருங்கள். விரல் சுலபமாக இறங்கினால் பாதம் முன்னால் சறுக்கிப்போய் விரல்கள் முனையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம். ஹீல் என்பது ஒரு சரிவு. தட்டை ஷூவில் ஒரு அளவு பெரிதாக வாங்கினால் வசதி, இதில் அதுவே வினை. லேஸ் வைத்த பூட்ஸ் என்றால் பாதத்தின் மேல்வளைவில் இறுக்கிக் கட்டிச் சறுக்கலை நிறுத்திவிடலாம். உங்களுடையது ஜிப், இறுக்க வழியே இல்லை, அதனால் மேல்வளைவில் அது முதலிலேயே கச்சிதமாகப் பிடித்திருக்க வேண்டும். வாங்குவதாக இருந்தால் மாலையில் போய் அளவு பாருங்கள், பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரிய பாதத்துக்கு வாங்கிச் சின்னதற்கு உள்ளே மெத்தை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பூட்ஸை மேசைமேல் வைத்து மேல்பகுதியை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். ஹீலின் அடி முழுவதும் மேசையில் படிந்திருக்க வேண்டும், ஆடக்கூடாது. கையில் எடுத்து வளைத்தும் பாருங்கள், விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும்தான் வளைய வேண்டும். பாதக்குழி இருக்கும் நடுப்பகுதியில் ஒரு பட்டை உள்ளே ஓடும், பெரும்பாலும் எஃகு, ஷாங்க் என்போம். அது முறிந்திருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ நடு வளையும், ஒவ்வொரு அடிக்கும் ஹீல் பின்னால் போகும். அந்தப் பூட்ஸில் யாராலும் நிமிர்ந்து நடக்க முடியாது.

ஹீல் நுனியில் ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கும், அதையும் திருப்பிப் பாருங்கள். வெளி மூலை மட்டும் தேய்ந்திருந்தால் கணுக்கால் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு வெளியே வந்துவிட்டால் வழவழப்பான தரையில் நிற்கவே நிற்காது. மாற்றுவது சின்ன வேலை, தள்ளிப்போடாதீர்கள். புது சோல் வழுக்கினால் உப்புத்தாளால் குறுக்குவாட்டில் தேய்த்துக் கொஞ்சம் சொரசொரப்பாக்குங்கள், இல்லையென்றால் முன்பாதத்துக்கு மெல்லிய ரப்பர் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

தொழில் சார்ந்து ஒன்று சொல்லிவிடுகிறேன், ஹீல் பூட்ஸ் நடப்பதற்காக வந்ததே இல்லை. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கப் போட்டார்கள், அவர்களிடமிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்களுக்குப் போனது, பிரான்ஸின் பதினான்காம் லூயி சிவப்பு ஹீல் போட்டு நின்ற ஓவியங்கள் இருக்கின்றன. குதிரைமேல் இருப்பதற்காகச் செய்ததை வைத்துக்கொண்டு தரையில் நடக்கிறோம். இரண்டு நாளில் வரவில்லையே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

புதுநடை:

விரல் முழுக்க உள்ளே போகிறது! இரண்டு பாதத்திலும். வசதியாக இருக்கட்டும் என்று ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கியது நான்தான். குழுவின் உடைமை, மாற்ற முடியாது என்கிறார்கள். ஏதாவது வழி உண்டா? நடு வளையவில்லை, ஹீலும் ஆடவில்லை, அந்த வரைக்கும் நிம்மதி.

தோலும் நூலும்:

ஒரு அளவுதான் என்றால் சமாளிக்கலாம். பாதம் முழுவதற்கும் ஒரு மெல்லிய இன்சோல் போடுங்கள், அது பாதத்தை மேலே தூக்கி மேல்வளைவைத் தோலோடு சேர்க்கும். போதவில்லை என்றால் மேல்வளைவு படும் இடத்தில், உள்பக்கமாக, ஒரு ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள். பின்னால் குதிகாலில் மட்டும் மெத்தை ஒட்டுகிற தவறைச் செய்யாதீர்கள், அது பாதத்தை இன்னும் முன்னால்தான் தள்ளும். எரியும் இடத்துக்கு ஜெல் மெத்தை வைப்பதானால் எரிகிற புள்ளிக்கு நேராக வைக்காமல் அதற்கு அரை விரல் பின்னால் வையுங்கள். எலும்பு முனைகளை அது கொஞ்சம் விலக்கித் தாங்கும். நேர் கீழே வைத்தால் இருக்கிற இடமும் நெருக்கமாகிவிடும்.

நெட்டுயிர்ப்பு:

பிசியோதெரபிஸ்ட் ஆக வேலை செய்கிறேன், கணுக்கால் சுளுக்கோடு வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். பூட்ஸ் கணுக்காலைச் சுற்றி மூடியிருப்பதால் அது பிடித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை வரும். மெல்லிய தோல் உங்கள் உடல் எடையைப் பிடிக்காது. கணுக்கால் மூட்டில் இருக்கும் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது குறுகிய பக்கம்தான் மூட்டுக்குள் வருகிறது, ஆப்பு தளர்ந்த மாதிரி. அப்போது வெளிப்பக்கத் தசைநார் தனியாக எல்லாவற்றையும் தாங்குகிறது. ஹீல் ஏற ஏற இது கூடுகிறது.

அதனால் கணுக்காலைப் பயிற்சியால்தான் பலப்படுத்த வேண்டும். வெறும் காலில் ஒற்றைக் காலில் முப்பது விநாடி நில்லுங்கள், சுலபமானதும் கண்ணை மூடி நில்லுங்கள், பக்கத்தில் பிடிப்பதற்குச் சுவர் இருக்கட்டும். உங்கள் இடது கால் முதல் நாள் ஐந்து விநாடிகூட நிற்காமல் இருக்கலாம், பரவாயில்லை. இரண்டாவது, குதிகாலை மெல்லத் தூக்கி அதைவிட மெல்ல இறக்குவது, பன்னிரண்டு முறை, இரண்டு தடவை. தரையில் துணியைப் போட்டு விரல்களால் சுருட்டி இழுப்பதும் நல்லது.

நேரம் என்று கேட்டீர்கள். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பதினைந்து நிமிடம். எரிச்சல் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால் உடல் தப்பான நடையைத்தான் மனப்பாடம் செய்யும். அடுத்த வாரங்களில் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். கழற்றியதும் கெண்டைக்காலை நீட்டிவிடுவது கட்டாயம். சுவரில் கை வைத்து, பின்காலை நேராக வைத்து அரை நிமிடம், அப்புறம் அதே காலைக் கொஞ்சம் மடக்கி அரை நிமிடம், இரண்டும் வேறு வேறு தசைக்கு. 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இரண்டு வருடத்துக்கு மேல் வழக்கமாக ஹீல் போட்ட பெண்களுக்குக் கெண்டைக்கால் தசை இழைகள் குட்டையாகவும், அந்தத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் விறைப்பாகவும் இருப்பதை அளந்து காட்டினார்கள். ஆறு வாரத்தில் உங்களுக்கு அது வராது, ஆனாலும் இந்தப் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நான்காவது விரல்களுக்கு நடுவில் மரத்துப்போனாலோ, கூழாங்கல்லை மிதிப்பது போல் இருந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கணுக்கால் மடிந்து விழுந்து, அந்தக் காலை ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியவில்லை என்றால் வீட்டிலேயே கட்டுப்போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சின்ன ஹீல் பற்றி: 5 செ.மீ., அகலமான கட்டை ஹீலில் இரண்டு வாரம் பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

மேடைக்கால்:

கடைசி வரியில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. வருடம் முழுக்க இருக்கிறது என்றால் அதுதான் வழி. ஆறு வாரத்தில் இரண்டு வாரத்தை வேறு பூட்ஸுக்குக் கொடுக்க முடியாது, ஒவ்வொரு ஹீலுக்கும் சமநிலை வேறு. நிற்பதும் திரும்புவதும் இதிலேயே ஆரம்பிக்கட்டும், நீண்ட நடைக்கு மட்டும் கட்டை ஹீல் போட்டுக்கொள்ளட்டும்.

நெட்டுயிர்ப்பு:

சரி, அப்படிச் செய்யலாம். இடது கால் ஒற்றைக்காலில் முப்பது விநாடி நிற்கிற வரைக்கும் 8.5இல் படி மட்டும் வேண்டாம்.

மேடைக்கால்:

படிக்கு வருகிறேன். ஏறும்போது முன்பாதம் மட்டும் படியில் இருந்தால் போதும், ஹீல் வெளியே தொங்கலாம். இறங்குவதுதான் வேறு. நேராக இறங்கினால் பின்னால் வரும் காலின் ஹீல் மேல்படியின் விளிம்பில் மாட்டும், பெரும்பாலான விழுகைகள் அங்கேதான். உடலைக் கால்வாசி பக்கவாட்டில் திருப்பி, பாதத்தைச் சாய்வாக வையுங்கள், ஹீலும் முன்பாதமும் இரண்டுமே படிக்குள் அடங்கும். இங்கே முழங்கால் மடங்கலாம், மடங்க வேண்டும். மேடையில் பார்க்கிறவர்களுக்கும் அந்தச் சாய்வு அழகாகவே தெரியும், ஒரு கையைக் கைப்பிடியில் ஓடவிட்டால் வேடத்துக்கே ஒரு நிமிர்வு வரும்.

வீட்டுப் படியில் பழகினால் போதாது. மேடையில் போடப்போகிற அதே படியில், வேட உடையோடு பழகுங்கள், பாவாடை நீளமாக இருந்தால் ஹீல் அதில் மாட்டும். படி மரமா, பலகைகளுக்கு நடுவில் இடைவெளி எவ்வளவு, விளிம்பு வெளிச்சத்தில் தெரிகிறதா என்று ஒத்திகைக்கு முன்னால் நீங்களே போய்ப் பாருங்கள்.

புதுநடை:

மூன்றாவது வாரம். இன்சோலும் ஃபெல்ட்டும் வைத்தேன், விரல் இப்போது பாதிகூட இறங்குவதில்லை. முழங்கால் நீண்டுவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் இருபத்தைந்து நிமிடம் எரிச்சல் இல்லாமல் போகிறது. வலது கால் "டக்-டப்", இடது இன்னும் சில நேரம் "டொம்". ஒற்றைக்காலில் இடது பக்கம் நேற்று இருபத்திரண்டு விநாடி.

இன்று மேடைக்குப் போய்ப் படியைப் பார்த்தேன். மரப்பலகைதான். நடுப்படியில் இரண்டு பலகைக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது, பூட்ஸைக் கையில் எடுத்து ஹீல் நுனியை வைத்தால் அப்படியே உள்ளே இறங்குகிறது. தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன், நாளைக்கு மேலே மெல்லிய பலகை அடித்துத் தருகிறேன் என்றார். விளிம்புகளுக்கு வெள்ளை டேப்பும் கேட்டிருக்கிறேன்.