அமியோடரோன்: வெயிலில் நின்றாலே தோல் எரிகிறது

கேள்வி: இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்ததால் அம்மாவுக்கு அமியோடரோன் 200 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். படபடப்பு அடங்கிவிட்டது, பெரிய நிம்மதி. ஆனால் துணி உலர்த்தப் போய் வந்தாலே கன்னமும் புறங்கையும் சிவந்து எரிகின்றன. ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதாம். "மாத்திரையை விட்டுடறேனே" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில் 1: தயவுசெய்து தானாக நிறுத்த விடாதீர்கள், படபடப்பு திரும்பிவிடும். நானும் இதே மாத்திரைதான். நிறுத்தினாலும் மருந்து உடம்பில் மாதக்கணக்கில் தங்கும், எரிச்சல் உடனே போகாது. முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன், இதுதான் எனக்குக் கைகொடுத்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் ஆகாது.

பதில் 2: வளையம், கருவிழியில் மருந்து படிவதால் இருக்கலாம். பெரும்பாலும் பார்வையைக் கெடுக்காது, ஆனாலும் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பார்வை மங்கினால் அன்றைக்கே போய்விடுங்கள். வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தாலும் அப்படித்தான். நுரையீரல் விஷயத்தில் தாமதம் கூடாது. தைராய்டு, கல்லீரல் டெஸ்ட் 6 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறீர்களா? அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறாரா? அதன் வீரியத்தை இது கூட்டிவிடும்.

கேள்வி கேட்டவர்: இருமல் இல்லை. வார்ஃபரின் உண்டு! ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட்) பார்க்க நாளைக்கே அழைத்துப் போகிறேன். ரொம்ப நன்றி.