மஃரிபுக்குப் பிறகு ஓதி ஊதுவதை நிறுத்தலாமா?

வண்ணைவாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் ஒரு பேச்சு ஓடுகிறது. மஃரிப் (அந்தி நேரத் தொழுகை) முடிந்ததும் தாய்மார்கள் குழந்தையோடு வாசலில் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் குர்ஆன் வசனம் ஓதிக் குழந்தை மேல் ஊதிவிடுவார்கள். ஹஜ்ரத்திடம் (இமாமிடம்) கறுப்புக் கயிறு, தாயத்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. இரண்டையும் நிறுத்தச் சொல்லி இளைஞர்கள் சிலர் கமிட்டியில் கேட்டிருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். அல்லாஹ் ஒரு துன்பத்தைக் கொடுத்தால் அவனைத் தவிர அதை நீக்க யாரும் இல்லை என்கிறது குர்ஆன் (10:107). "பாய் ஊதினா காய்ச்சல் இறங்கிடும்" என்று நம்பி வரும் கூட்டத்தை நாமே வளர்க்கலாமா?

ராயபுரம் பாய்:
வ அலைக்கும் ஸலாம் தம்பி. கயிறையும் ஓதுவதையும் சேர்த்துக் கட்டாதீங்க. நபி (ஸல்) அவர்கள் பேரப்பிள்ளைகள் ஹசன், ஹுசைனுக்காகப் பாதுகாப்புத் தேடி ஓதினார்கள். இப்ராஹீம் நபி தம் பிள்ளைகளுக்கு ஓதியதும் அதே வார்த்தைகள்தான் என்றார்கள். புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. தோழர்களுக்குச் சோறு போட மறுத்த ஒரு கூட்டத்தின் தலைவரைத் தேள் கொட்டியபோது, தோழர் ஒருவர் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதினார். நபி அதை ஏற்றுக்கொண்டார்கள். ஷிர்க் (அல்லாஹ்வுக்கு இணைவைப்பது) இல்லாதவரை ஓதிப்பார்ப்பதில் தவறில்லை என்ற ஹதீஸ் (நபிமொழி) முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. இத்தனையும் இருக்கும்போது எதை வைத்து நிறுத்தச் சொல்றீங்க?

வண்ணைவாசி:
ஹதீஸை நான் மறுக்கவில்லை பாய். ஓதுகிறவர் அல்லாஹ்விடம் கேட்கிறார், சரி. எதிரே நிற்கிறவர் யாரிடம் கேட்கிறார்? வானத்தையும் பூமியையும் படைத்தது யார் என்றால் இணைவைத்த மக்கத்து முஷ்ரிக்குகளும் அல்லாஹ் என்றுதான் சொன்னார்கள் (31:25). மற்றவற்றை ஏன் வணங்குகிறீர்கள் என்றால், அல்லாஹ்வுக்கு நெருக்கமாக்கி வைக்கும் என்றார்கள் (39:3). படைத்தவன் ஒருவன் என்று ஒப்புக்கொண்டும் அவர்கள் தவறியது இந்த இடத்தில்தான். தர்காவில் நின்று "அவுலியாவே, என் மகனுக்கு வேலை வாங்கிக் கொடுங்க" என்று கேட்கிற நம் ஆட்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

காசிமேட்டு அம்மா:
நான் இந்து, நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். என் பையனுக்கு ஒன்றரை வயதில் ராத்திரியானால் அலறல். அந்த வாசலுக்குத்தான் தூக்கிப் போனேன். கைத்தடியோடு வந்த ஒரு பெரியவர் நின்று, உதடு மட்டும் அசைய என்னமோ ஓதி, நெற்றியில் மூன்று தடவை ஊதினார். இருபது ரூபாயை நீட்டினேன், கையை மடக்கி விட்டுட்டார். "என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா, ஆண்டவன்கிட்ட கேட்டிருக்கேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் காட்டிடு" என்றார். காட்டினோம். யாரிடம் கேட்டார் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் வரவில்லை.

வண்ணைவாசி:
அக்கா, அந்தப் பெரியவர் சொன்னதுதான் தவ்ஹீத், ஓரிறை நம்பிக்கை. எத்தனை பேர் அப்படி நின்று சொல்கிறார்கள்? அவசரமாக ஊதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

ராயபுரம் பாய்:
அப்படியானால் சொல்லாதவர்களைச் சொல்ல வையுங்க. கஅபாவில் இருக்கிற ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லை முத்தமிட்ட கலீஃபா உமர் (ரலி), "நீ ஒரு கல். உன்னால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நபி முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்" என்றார்கள். கல்லை அகற்றச் சொல்லவில்லை. எல்லார் காதிலும் விழும்படி நம்பிக்கையைச் சொன்னார்கள்.

தண்டையார்பேட்டை மாணவி:
பாய், அதே உமர்தான், மக்காவுக்கு அருகே ஹுதைபியாவில் நபியிடம் உறுதிமொழி கொடுத்த இடத்து மரத்தை மக்கள் தேடிப் போய்த் தொழுததும் வெட்டச் சொன்னார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. மக்களின் நம்பிக்கை வழுக்குகிறது என்று தெரிந்தால் பாதையை அடைப்பதும் அவர்கள் வழிதான். தாயத்தைத் தொங்கவிட்டவர் இணைவைத்துவிட்டார் என்று முஸ்னத் அஹ்மத் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. எங்கள் வீட்டிலேயே, மருந்தை நிறுத்திவிட்டுக் கயிறை மாற்றிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராயபுரம் பாய்:
நல்ல கேள்விம்மா. ஆனால் அந்த மரத்தடியில் போய்த் தொழச் சொல்லி நபி யாருக்கும் கற்றுத்தரவில்லை. ஓதுவதைக் கற்றுத் தந்திருக்கிறார்கள். குர்ஆன் வசனம் எழுதிய தாயத்து கூடுமா என்பதில் முன்னோர்களிடமே இரண்டு கருத்து உண்டு. இருந்தாலும் கயிறு, தாயத்து வேண்டாம் என்று மனு எழுதினால் என் கையெழுத்தும் உண்டு. காய்ச்சல் குழந்தையோடு நிற்கிற தாயைத் திருப்பி அனுப்பச் சொன்னால் போடமாட்டேன்.

வண்ணைவாசி:
கயிறுக்கு மட்டும் மனு எழுதுகிறேன் பாய். ஓதுகிறவர்கள் "கேட்பது அல்லாஹ்விடம்" என்று தமிழில் சொல்லிவிட்டு ஓத வேண்டும் என்பதையும் அதில் சேர்ப்பேன்.

தண்டையார்பேட்டை மாணவி:
சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனுவில் என் பெயர் வேண்டாம்.