குழந்தை ஓசூரில், அப்பா பெங்களூருவில்: மனு எங்கே?

கேள்வி: என் கட்சிக்காரர் (வழக்குக்காக என்னிடம் வந்த பெண்) ஓசூரில் தாய்வீட்டில் இருக்கிறார். மகனுக்கு 4 வயது, இங்கேயே எல்.கே.ஜி. கணவர் பெங்களூருவில். குழந்தையைத் தன் பொறுப்பில் கேட்கும் பாதுகாவலர் மனுவைக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே போடலாமா?

பதில் 1: போடலாம் சார். 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் (Guardians and Wards Act) 9ஆம் பிரிவு குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தைத்தான் பார்க்கிறது. கல்யாணம் நடந்த ஊரையோ அப்பாவின் முகவரியையோ அல்ல. உச்ச நீதிமன்றத்தின் ருச்சி மாஜூ தீர்ப்பைப் (2011) படியுங்கள். 'மனு போடுவதற்காகவே குழந்தையைத் தூக்கி வந்துவிட்டார்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். பள்ளிச் சேர்க்கை ரசீது, வருகைச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாம் முதல் நாளே தாக்கலாகட்டும். பிறகு சேர்த்தால் ஜோடித்தது போலத் தெரியும்.

பதில் 2: அதே 1890 சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடைக்கால மனுவும் கூடவே போடுங்க. 5 வயதுக்குள் தாயிடம் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 1956 இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவில் 'சாதாரணமாக' என்றுதான் இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவுப்படி குழந்தையின் நலனே முதன்மை. அப்பா பார்க்கும் நேரத்தை நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது: ஞாயிறு 10 முதல் 4 வரை, நடுவில் வீடியோ அழைப்பு. மொட்டையாக மறுத்தால் நீதிபதிக்குச் சந்தேகம்தான் வரும்.

பதில் 3: அதற்கு முன் இ-கோர்ட்ஸில் (நீதிமன்ற வழக்கு விவர இணையதளம்) தேடுங்கள். பெங்களூருவில் விவாகரத்து வழக்கு இருந்தால், இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் கணவர் அங்கேயே குழந்தையைக் கேட்பார். அந்த வழக்கை இங்கே மாற்ற உச்ச நீதிமன்றம்தான் போகணும். மாநிலம் வேறு ஆயிற்றே.