புளியடி வளவு யாரிடமிருந்து யாருக்கு வந்தது

அன்புடைய ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் குடும்பத்தின் வமிசாவளியை எழுத முற்பட்ட என் மகள், பூட்டனாருக்கு அப்பால் ஒரு பெயரும் அகப்படாமல் நின்றுவிட்டாள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் பிள்ளையின் முதலெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. மாறாமல் இருப்பது காணிப் பெயர்தான். ஆகையால் ஆட்களை விட்டுவிட்டு, 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது அம்மா சீலைப்பையில் சுற்றித் தோளில் கொண்டுபோன உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை எடுத்து, எங்கள் வீடு நிற்கும் புளியடி வளவு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தேன்.

பார்த்தபோதுதான், நான் இத்தனை காலமும் 'எங்கள் அப்பாவின் வீடு' என்று சொல்லிவந்தது எவ்வளவு தவறு என்பது விளங்கிற்று. அந்த வளவு ஒரு தலைமுறையிலேனும் ஆண்பிள்ளைக்குப் போகவில்லை. அம்மாவுக்கு அம்மம்மா எழுதிய சீதன உறுதி, அம்மம்மாவுக்கு அவருடைய தாயார் எழுதிய சீதன உறுதி என்று அது பெண்வழியாகவே இறங்கி வந்திருக்கிறது. வீட்டுக்காரராக நாங்கள் நினைத்த ஆண்கள் அனைவரும் வேறு குறிச்சிகளிலிருந்து மாப்பிள்ளைகளாக வந்து குடியிருந்தவர்கள். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையும் இதைத்தான் சொல்கிறது: பழைய வழக்கில் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், தகப்பனின் முதுசமான பரம்பரைச் சொத்து ஆண்மக்களுக்கும் சென்றன, இருவரும் சேர்ந்து சம்பாதித்த தேடியதேட்டம் எல்லாருக்கும் பொது. ஆகவே தகப்பன்வழியைத் தேட வேண்டுமானால் தோட்டக்காணியையும் வயலையும் பார்க்க வேண்டும். குடியிருந்த வீட்டைப் பார்த்தால் தாய்வழியே கிடைக்கும்.

உறுதி சொல்லாததைச் சுவர் சொல்லிற்று. போன வருடம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய நாற்சார் வீட்டின் மேற்குப் பக்கத்தில், சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பழைய கற்சுவர் முடிந்து சீமெந்துக் கட்டு தொடங்கும் இடத்தில், நிலத்திலிருந்து கூரைவரை விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு நேராக ஓடுகிறது. அம்மம்மாவின் தங்கைக்குக் கலியாணம் பேசியபோது, மலாயாவிலிருந்து வந்த பணத்தில் அவசரமாகக் கட்டிச் சேர்த்த இரண்டு அறைகள் அவை. பிறகு சகோதரிகளுக்குள் மனத்தாங்கல் வர, முற்றத்தின் நடுவே மதில் எழுந்தது. அந்த மதில் கிணற்றடிவரை வந்து, கிணற்று வாயின் மேலேயும் ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிறது. இரு வீட்டாரும் முகம் பாராமல் ஒரே தண்ணீரை அள்ளினார்கள். உறுதியில் இது 'கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் பங்கும்' என்று அமைதியாக எழுதப்பட்டிருக்கிறது.

எல்லைகளைத் தவறாமல் வாசியுங்கள் என்பதே என் வேண்டுகோள். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று வரும் நான்கு வரிகளிலும் அக்கால அயலவர்கள் இருக்கிறார்கள். 'இன்னார் பெண் இன்னார்' என்று மனைவியின் பெயரும் வரும். திருமணப் பதிவோ கோயில் கணக்கோ கிடைக்காத ஒரு பெண்ணின் பெயரை, அயல்வீட்டு உறுதியின் தெற்கெல்லையில் கண்டெடுத்திருக்கிறேன். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில், உறுதி எழுதிய நொத்தாரிசு ஒப்படைத்த பிரதியைத் தேடலாம். கேட்பதற்குக் காணிப் பெயரும், காணி அடங்கிய பழைய ஊர்ப்பிரிவான கோயிற்பற்றின் பெயரும் கையில் இருக்க வேண்டும்.

சீதனம் எழுதாமல் இறந்தவர்களின் வளவுகளில் இந்தத் தேடலின் நூலிழை பங்குகளாகப் பிரிந்து சிக்கிப்போகிறது. எங்கள் ஒன்றுவிட்ட மாமா ஒருவருக்கு 2 பரப்பு வரகுக் காணியில் இருபத்துநாலில் ஒரு பங்கு உண்டு. பரப்பும் குழியும் எங்கள் ஊர் நில அளவுகள்; வரகுக் காணியில் பரப்புக்கு 18 குழி என்று கணக்குப் பார்த்தால் அது ஒன்றரைக் குழி, ஏறத்தாழ 225 சதுர அடி. ரொறன்ரோவில் அவர் கார் நிறுத்தும் கொட்டகை அதைவிடப் பெரியது. ஆனாலும் அந்தப் பங்கை அறுதியாக விற்று எழுதிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் நிற்குமிடம் இதுதான். அம்மம்மாவின் தாயாருக்கு எழுதிய உறுதியில் வடக்கெல்லை 'ஒழுங்கையும் தாய்வழிச் சகோதரி பங்கும்' என்றிருக்கிறது. அந்தச் சகோதரியின் பெயர் இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், கூரை வேய்ந்த பழைய வாசலான சங்கடப்படலை நின்ற வளவைச் சேர்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், உங்கள் உறுதியின் தெற்கெல்லை வரியை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள்.